மூன்றாவது சோலோவில் மூக்குச் சக்கரம் மடங்கியது. த்ராட்டிலைத் தள்ள ஏன் கை வரவில்லை?

தனிச்சிறகு:

வணக்கம். போன வாரம் எனக்கு மூன்றாவது சோலோ, அதாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறப்பது. செஸ்னா 172, எப்போதும் பறக்கும் அதே விமானம். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குத்தான் அடி. மூக்குச் சக்கரம் மடங்கி, ப்ரொப்பெல்லர் தரையில் அடித்து, ஓடுபாதைக்கு இடப்பக்கம் புல்லில் போய் நின்றது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஓடுபாதை 27, அதாவது 270 டிகிரி திசை. காற்று 300 டிகிரியிலிருந்து 10 நாட் வேகத்தில். ஐந்து சர்க்யூட், அதாவது கிளம்பி ஒரு சுற்று வந்து இறங்குவது, போடச் சொல்லி அனுப்பினார்கள். முதல் இரண்டு தரையிறக்கமும் நன்றாகவே அமைந்தன. மூன்றாவதில் ஃபைனலுக்கு, ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்துக்கு, திரும்பும்போது, பின்னால் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வருகிறது, வேகத்தைக் குறைக்காமல் வாருங்கள் என்று டவர் சொன்னது. சரி என்று பதில் சொல்லிவிட்டேன். வழக்கமாக 65 நாட்டில் வருவேன். அன்று ஓடுபாதை விளிம்பைத் தாண்டும்போது 75 இருந்தது. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப் முழுதாக 30 டிகிரி.

தரைக்கு அருகே மூக்கைத் தூக்கி ஃபிளேர் செய்தேன். விமானம் உட்காரவே இல்லை, மிதந்துகொண்டே போனது. ஓடுபாதை தீர்ந்துகொண்டே வருகிறதே என்ற பதற்றத்தில் யோக்கை, மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை, கொஞ்சம் முன்னால் தள்ளினேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டு, துள்ளியது. மூக்கு மேலே போனதைப் பார்த்து மறுபடி தள்ளினேன். இரண்டாவது அடி பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு இழுத்தேனா தள்ளினேனா என்று நினைவில்லை. மூன்றாவது அடியில் முன்னால் பெரிய சத்தம், கண்ணாடி முழுக்க ஓடுபாதைதான் தெரிந்தது. நின்றதும் எஞ்சினை நிறுத்த மிக்ஸ்சரை இழுத்தேன், எரிபொருளை அடைத்தேன், மின்சார மாஸ்டர் சுவிட்சை அணைத்து வெளியே வந்தேன். அதெல்லாம் கை தானாகச் செய்தது.

என் கேள்வி இதுதான். வலது கை முழு நேரமும் த்ராட்டிலின், எஞ்சின் பவரைக் கூட்டும் பிடியின், மேல்தான் இருந்தது. அந்த ஆறேழு விநாடியில் ஒருமுறைகூட அதை ஏன் முன்னால் தள்ளவில்லை? இறங்குவதை விட்டுவிட்டு முழு பவரில் மறுபடி மேலே போகும் கோ-அரவுண்ட் எனக்குத் தெரியாதது இல்லை. பதினைந்து முறையாவது செய்திருப்பேன். ஒரு வாரமாக இதே நினைப்பு, தூக்கம் வரவில்லை.


மழைமேகம்:

முதலில் நீங்கள் நடந்து வெளியே வந்தீர்களே, அது போதும். எரிபொருளை அடைத்து மாஸ்டரை அணைத்ததும் சரியான வேலை. அந்தப் பதற்றத்தில் பலர் கதவைத் திறந்து ஓடத்தான் பார்ப்பார்கள். கழுத்து வலி, முதுகு வலி இருக்கிறதா? சில நாள் கழித்துக்கூட வரும், டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.


தனிச்சிறகு:

நன்றி அக்கா. காட்டிவிட்டேன், ஒன்றும் இல்லை என்றார்கள். சீட் பெல்ட் பட்ட இடத்தில் மட்டும் கன்றிப்போயிருந்தது.


பழைய பயிற்றுநர்:

தம்பி, கேள்வியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருவதற்கு முன் விமானம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று பார்த்துவிடலாம்.

65-க்குப் பதில் 75 நாட். பத்து நாட்தானே என்று தோன்றும். வேகம் சுமார் 15 சதவீதம் கூடினால், விமானம் சுமந்துவரும் ஆற்றல் வேகத்தின் வர்க்கப்படி கூடும். 75-ஐ 65-ஆல் வகுத்து வர்க்கம் போட்டுப் பாருங்கள், 1.33 வரும். மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் அதிகம். அதை எங்கேயாவது செலவழித்த பிறகுதான் விமானம் உட்காரும். தரைக்கு அருகே, அதாவது இறக்கையின் முழு அகலத்துக்கும் குறைவான உயரத்தில், இழுவை குறைந்துவிடும். 172-க்கு அந்த அகலம் 11 மீட்டர். ஆகவே ஆற்றல் மெதுவாகத்தான் கரையும். நீங்கள் பார்த்த மிதப்பு அதுதான். விமானம் ஒழுங்காகத்தான் பறந்தது, தரையிறங்கும் வேகத்துக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் யோக்கைத் தள்ளினால், இன்னும் பறக்கும் வேகத்தில் இருக்கிற விமானத்தை மூக்கால் தரையில் இடிக்கிறோம். டயரும் ஸ்பிரிங்கும்தான் துள்ள வைக்கின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மூக்குச் சக்கரம் பட்டதும் மூக்கு மேலே எழும். இறக்கையில் காற்று படும் கோணம் கூடும். வேகமும் மிச்சம் இருப்பதால் இறக்கை மறுபடி தூக்கும். அப்புறம் வேகம் குறைந்து மூக்கு விழ ஆரம்பிக்கும் அதே சமயத்தில், அரை விநாடி தாமதமாக உங்கள் கை மறுபடி தள்ளும். நீங்கள் திருத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் ஒவ்வொரு தள்ளலும் அடுத்த அடியைப் பலமாக்கும். முதல் அடியிலேயே மூக்குச் சக்கரம் போவது குறைவு. இரண்டாவதிலோ மூன்றாவதிலோதான் போகும்.

இப்போது ஒரு கேள்வி. பயிற்றுநரோடு பறந்தபோது எத்தனை முறை விமானம் துள்ளியது? துள்ளிய பிறகு விமானம் யார் கையில் இருந்தது?


தனிச்சிறகு:

யோசித்துப் பார்த்தேன் சார். நான்கு அல்லது ஐந்து முறை. என் பயிற்றுநரின் கை உடனே யோக்குக்கு வந்துவிடும். "என் கண்ட்ரோல்" என்பார், பவர் கொடுத்து மெதுவாக உட்கார வைத்துவிடுவார். கோ-அரவுண்ட் பழகியதெல்லாம் ஃபைனலில், 200 அடி, 300 அடி உயரத்தில் அவர் சொன்ன பிறகு செய்தது. தரையில் பட்ட பிறகு நானாக முடிவெடுத்து ஒருமுறைகூடச் செய்ததில்லை.

எழுதும்போதுதான் இது எனக்கே புரிகிறது.


பழைய பயிற்றுநர்:

அதுதான் விஷயம். உங்கள் கை வராததற்குக் கோழைத்தனமோ மந்தமோ காரணம் இல்லை. அந்த இடத்திலிருந்து அந்த அசைவை உங்கள் கை ஒருபோதும் செய்ததில்லை. 300 அடியில் ஒரு குரல் கேட்டுச் செய்யும் கோ-அரவுண்டும், தரையில் பட்டு மூக்கு வானத்தைப் பார்க்கும்போது யாரும் சொல்லாமல் செய்யும் கோ-அரவுண்டும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

பயிற்றுநர்களான எங்கள் பக்கத் தவறு இது, ஒளிக்காமல் சொல்கிறேன். விமானம் கெட்டுவிடக் கூடாது என்று மாணவரின் மோசமான தரையிறக்கத்தை நாங்கள் முளையிலேயே கிள்ளிவிடுகிறோம். மாணவர் நல்ல தரையிறக்கத்தை மட்டுமே கடைசிவரை பார்க்கிறார். கெட்டுப்போன தரையிறக்கத்தின் இரண்டாம் பாதி அவருக்குத் தெரியாது. சோலோவில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.


நேர்கோடு:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப் போகிறேன். காற்று 300-லிருந்து 10 நாட் என்றால் ஓடுபாதைக்கு 30 டிகிரி சாய்வு, குறுக்கே வருவது 5 நாட்தான். 172-இல் 15 நாட் குறுக்குக் காற்று வரை செய்து காட்டப்பட்டிருக்கிறது. ஆக வானிலையைச் சொல்ல வழியில்லை. மிச்சம் இரண்டு பேர். துள்ளலைச் சமாளிக்கப் பழக்காமல் தனியாக அனுப்பிய பயிற்றுநர் ஒருவர். மூன்றாவது சோலோ மாணவரிடம் வேகமாக வா என்று சொன்ன டவர் இன்னொருவர். இவர்களை விட்டுவிட்டு அந்தப் பையன் தூக்கமில்லாமல் கிடப்பது அநியாயம்.


அகலப்பாதை:

நேர்கோடு, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் யார் குற்றவாளி என்று தேட ஆரம்பித்தால் அந்தப் பயிற்றுநர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் பின்னிணைப்பு 1951-லிருந்து இருக்கிறது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ ஒதுக்குவது அல்ல என்கிறது அது. நல்ல மனசு காட்டுவதற்காக எழுதிய வரி என்று அதை நான் நினைக்கவில்லை. பயமில்லாமல் பேசினால்தான் உண்மை வெளியே வரும் என்ற அனுபவம் அதற்குள் இருக்கிறது.

தனிச்சிறகு, நீங்கள் மாணவர் என்பது டவருக்குத் தெரியுமா?


தனிச்சிறகு:

முதல் அழைப்பில் "மாணவர், சோலோ" என்று சொன்னேன் சார். மூன்றாவது சர்க்யூட்டுக்குள் கண்ட்ரோலர் மாறியிருந்தார், குரல் வேறு. அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. எப்படியும் முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். டவர் சொன்னால் செய்ய வேண்டும் என்று மனதில் பதிந்துபோயிருந்தது.


அகலப்பாதை:

அந்த "முடியாது" என்ற ஒரு சொல்லை ரேடியோவில் சொல்வதற்கும் பழகத்தான் வேண்டும். உங்கள் விமானத்துக்கு எந்த வேகம் பாதுகாப்பானது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். டவருக்குத் தேவை இடைவெளி. நீங்கள் முடியாது என்றால் பின்னால் வருபவரைச் சுற்றிவரச் சொல்வார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வாடிக்கையாக நடப்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பெரிய ஜெட் ஓட்டுகிறவன். இது மாணவர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைக்காதீர்கள். 2009 மார்ச் 23-ஆம் தேதி டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில் ஃபெடெக்ஸ் நிறுவனத்தின் எம்டி-11 சரக்கு விமானம் பலமான காற்றில் இறங்கும்போது துள்ளியது. மறுபடி பட்டு மறுபடி துள்ளியது, மூக்கை மேலும் கீழுமாக அசைத்தபடியே. மூன்றாவது அடியில் இடது இறக்கை முறிந்து, கவிழ்ந்து தீப்பிடித்தது. இருந்த இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். உங்கள் விமானத்தை விட நூறு மடங்குக்கு மேல் கனமான விமானம், அனுபவமுள்ள கைகள். ஆனால் அந்தச் சில விநாடிகள் நீங்கள் எழுதியதைப் போலவேதான் இருக்கின்றன. அதனால்தான் துள்ளினால் என்ன செய்வது என்பதை எங்களுக்கு சிமுலேட்டரில் பயிற்சியாக வைக்கிறார்கள்.


ஸ்பேனர்:

நான் ஹேங்கரில் வேலை செய்பவன், விமானத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

172-இன் பின்சக்கரங்கள் வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்கள். நிறைய அடி தாங்கும். மூக்குச் சக்கரக் கால் அப்படி இல்லை. அது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டோடு பொருத்தப்பட்டது. மூக்கால் விழும் ஒவ்வொரு அடியும் அந்தத் தகட்டுக்குத்தான் போகும். கால் உடையாவிட்டாலும் தகடு மடிப்பு விழும், ரிவெட் தளரும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம்.

ப்ரொப்பெல்லர் தரையில் அடித்திருக்கிறது என்பதால் எஞ்சினையும் கழற்றிப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். ப்ரொப்பெல்லரை மாற்றி ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ப்ரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது திடீரென்று நிறுத்தப்பட்டால், அதன் பின்முனையில் இருக்கும் கியரும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும், அது நகராமல் நிறுத்தும் டவல் பின் என்ற சின்ன உலோகக் குச்சியும் அடி வாங்கும். கேம் ஷாஃப்ட், மேக்னெட்டோ, ஆயில் பம்ப் எல்லாம் அந்தக் கியரை நம்பித்தான் ஓடுகின்றன. பல மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் வானத்தில் அது விட்டுவிட்டால் எஞ்சின் மொத்தமாக நின்றுபோகும். லைகாமிங் எஞ்சின்களில் இதைச் சோதிப்பதற்கென்றே அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 2004-இல் கட்டாய உத்தரவு போட்டது.

தம்பி, முடிந்தால் அந்த எஞ்சினைப் பிரிக்கும்போது போய்ப் பாருங்கள். தண்டனையாகச் சொல்லவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாகப் பதியும்.


மழைமேகம்:

ஸ்பேனர் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு நானும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

மாணவியாக இருந்தபோது சோலோவில் ஒருமுறை எனக்கும் துள்ளியது. இரண்டு அடி, இரண்டாவது மூக்கில். எப்படியோ நின்றுவிட்டது. கொண்டுவந்து நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சோலோவை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

மறுநாள் காலை அதே விமானத்தை எடுக்க வந்த இன்னொரு மாணவர் குனிந்து கீழ்ப்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் தகட்டில் கையளவு சுருக்கம். அவர் அதைப் பார்க்காமல் ஏறியிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான்தான் என்று அன்று மதியமே போய்ச் சொல்லிவிட்டேன். திட்டினார்கள், ஆனால் சோலோவை நிறுத்தவில்லை. பத்து மணி நேரம் கூடவே பறந்துவிட்டு மறுபடி விட்டார்கள்.

தனிச்சிறகு, உங்கள் விபத்து எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. உங்களுக்கு அது பாரமாக இருக்கும், தெரியும். ஆனால் அந்த விமானத்தில் அடுத்து ஏறப் போகிறவருக்கு ஆபத்து எதையும் நீங்கள் மறைத்து வைக்கவில்லை. அந்த வகையில் நான் செய்தது உங்களுடையதை விடப் பெரிய தவறு.


நேர்கோடு:

அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. பழி பற்றி நான் மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நடைமுறைக் கேள்வி ஒன்று இருக்கிறது. துள்ளினால் சரியாக என்ன செய்ய வேண்டும்? ஒருவர் கோ-அரவுண்ட் என்கிறார், இன்னொருவர் அப்படியே பிடித்து உட்கார வை என்கிறார்.


பழைய பயிற்றுநர்:

இரண்டுமே உண்டு. ஓரிரு அடி உயரச் சின்னத் துள்ளல், மூக்கு ஒழுங்காக இருக்கிறது, ஓடுபாதை மிச்சம் இருக்கிறது என்றால் யோக்கைத் தள்ளாமல் தரையிறங்கும் நிலையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பவர் கொடுத்துப் பின்சக்கரத்தில் மெதுவாக உட்கார விடலாம். உயரமாகத் துள்ளினாலோ, மூக்கு மேலே போனாலோ, பக்கவாட்டில் விலகினாலோ முழு பவர் கொடுத்துப் போய்விட வேண்டும்.


மழைமேகம்:

சார், மரியாதையோடு மறுக்கிறேன். நீங்கள் சொல்வது உங்கள் கைக்குச் சரி. பதினைந்து மணி நேரம் பறந்த மாணவருக்கு "இது சின்னத் துள்ளலா பெரியதா" என்று எடைபோட நேரம் ஏது? அந்த எடைபோடுதலில்தான் இரண்டாவது அடி விழுகிறது. சோலோ மாணவருக்கு ஒரே விதி போதும் என்பது என் எண்ணம். துள்ளினால் போய்விடு, எத்தனை அடி என்று பார்க்காதே. சின்னத் துள்ளலுக்குப் போய்விட்டால் என்ன நஷ்டம்? ஒரு சர்க்யூட்.


பழைய பயிற்றுநர்:

குட்டையான ஓடுபாதையில், பாதிக்கு மேல் கடந்த பிறகு, எதிரே மரம் இருந்தால் அந்த ஒரே விதியும் ஆபத்தாகும். வேகம் ஏறாமல் விமானத்தைப் பிடுங்கித் தூக்கி, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் ஸ்டாலில் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீளமான ஓடுபாதையில் சோலோ மாணவருக்கு என்று கேட்டால், நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஒரே விதிதான் நல்லது. ஓடுபாதையில் இந்த அடையாளத்துக்குள் உட்காரவில்லை என்றால் மிதப்பதோடு சரி, கிளம்பு என்று ஒரு புள்ளியையும் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும். தம்பிக்கு அப்படி ஒரு புள்ளி இருந்திருந்தால் யோக்கைத் தள்ளும் நிலையே வந்திருக்காது.

தரைக்குப் பக்கத்தில் கோ-அரவுண்ட் செய்யும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். யோக்கை அழுத்திப் பிடிக்காமலே 65 நாட்டில் வரும்படி ட்ரிம் வைத்து, ஃபிளாப் முழுதாக இறக்கி வருகிறீர்கள். முழு பவர் கொடுத்ததும் மூக்கு வேகமாக மேலே கிளம்பும், எதிர்பார்ப்பதை விடப் பலமாக. இப்போது அதை அமுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். கூடவே மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது காலால் ரடர் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பை முதலில் 20-க்குத் தூக்குங்கள், மிச்சம் வேகம் ஏறிய பிறகு. பழைய 172-இல் கார்புரேட்டரில் பனி கட்டாமல் சூடான காற்று விடும் கார்புரேட்டர் ஹீட்டை உள்ளே தள்ளி அணைக்க மறக்காதீர்கள். உங்களுடையது இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் அந்த வேலை இல்லை.


தனிச்சிறகு:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எஞ்சினைப் பிரித்தபோது போயிருந்தேன். ஸ்பேனர் அண்ணா சொன்ன அந்த டவல் பின்னைக் கையில் கொடுத்தார்கள். விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவுதான் சார், அவ்வளவு சின்னது. ஃபயர்வாலின் கீழ்ப்பகுதி முழுக்கச் சுருங்கியிருந்தது, அதை மாற்றுகிறார்கள்.

இங்கே எழுதியதை எல்லாம் என் பயிற்றுநரிடம் காட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உன்னைத் துள்ள விட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாளே வேறு விமானத்தில் கூட்டிப்போனார். அவரே ஓட்டி, பின்சக்கரத்தில் வேண்டுமென்றே சின்னதாகத் துள்ள வைத்து, அந்த நொடியில் "உன் கண்ட்ரோல்" என்று என் கையில் கொடுத்தார்.

முதல் தடவை எனக்குக் கை வரவில்லை, அவர்தான் பவர் கொடுத்தார். இரண்டாவதில் தள்ளினேன், ஆனால் பாதிதான். மூக்கு எழும்பும் என்று படித்திருந்தும் அது எழும்பிய வேகத்தில் வயிறு கலங்கியது. நான்காவதோ ஐந்தாவதோ, "உன் கண்ட்ரோல்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் த்ராட்டில் முழுதாக உள்ளே போயிருந்தது. வலது காலும் கூடவே போனது.

நேற்று ஃபைனலில் வரும்போது டவர் மறுபடி வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்றது. சார் என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. "முடியாது, பயிற்சி விமானம், 65 நாட்" என்றேன். குரல் நடுங்கியது. "புரிந்தது" என்றார்கள். பின்னால் வந்தவரை ஒரு சுற்று சுற்றிவரச் சொன்னார்கள்.

நாளை காலை காற்று குறைவாக இருந்தால் இன்னும் ஆறு சர்க்யூட், சாரோடுதான். அடுத்த சோலோ எப்போது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.


ஸ்பேனர்:

அந்த டவல் பின் எந்த அளவுக்குத் தேய்ந்திருந்தது என்று அங்கே அளந்தார்களா தம்பி? படம் இருந்தால் போடுங்கள்.